உப்பின் தூய்மை: தரம் பார்த்தல் எதை எண்ணுகிறது?

தரம் பார்த்தல் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது செய்முறைத் தேர்வுதான். பிப்பெட்டில் 20 மி.லி. எடு, பியூரெட்டைத் திற, நிறம் மாறியதும் நிறுத்து, மூன்று அளவீடு எழுது, சூத்திரத்தில் போடு. விடை வந்துவிடும். அந்த விடை எதைப் பற்றிச் சொல்கிறது என்று யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. புட்டியில் இருக்கும் கரைசலுக்கு வெளியே அந்த எண்ணுக்கு வேலையும் இல்லை.

அதே தரம் பார்த்தலைச் சமையலறை உப்பில் செய்து பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. கிடைக்கும் எண்ணை வைத்து மாணவர்கள் உடனே ‘நல்ல உப்பு’, ‘மட்டமான உப்பு’ என்று பிரிக்கத் தொடங்குகிறார்கள். இங்கேதான் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது. எண் சரியாக இருந்தும், அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறாக இருக்கலாம். ‘இந்தச் சோதனை எதை எண்ணியது, எதை எண்ணவில்லை?’ என்ற கேள்வியைக் கேட்கப் பழக்குவதற்கு உப்பைவிடப் பொருத்தமான பொருளை நான் இதுவரை காணவில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரியும் நான், 9, 10ஆம் வகுப்பு அறிவியல் மன்ற மாணவர்களுடன் மூன்று நாள் செயல்பாடாக இதைச் செய்து வருகிறேன். மேல்நிலைப் பிரிவின் வேதியியல் ஆய்வகம் இருந்தால் எந்தப் பள்ளியிலும் செய்யலாம். செய்முறையையும், அதைவிட முக்கியமாக முடிவுகளைப் படிக்கும் முறையையும் இங்கே தருகிறேன்.

உப்பில் உப்பு மட்டும்தானா?

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும் பங்கு தூத்துக்குடி உப்பளங்களுடையது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றே கூடுதலாக இருப்பது சோடியம் குளோரைடு. மீதி, மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் குளோரைடுகளும் சல்பேட்டுகளும்.

கடல்நீர் வெயிலில் வற்றும்போது இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட், பிறகு ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட், அதன்பின் சோடியம் குளோரைடு, கடைசியாக மெக்னீசியம் உப்புகள் என்று வரிசை உண்டு. உப்பளத்தில் நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றிக்கொண்டே போவது இதற்காகத்தான். உப்பு விளையும் பாத்திக்கு நீர் வரும்போது அதன் அடர்த்தி ஏறத்தாழ 25 பூமே டிகிரி இருக்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியும். உப்பு கசக்கும், சீக்கிரம் நீர் விடும். எனவே அந்தக் கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிடுகிறார்கள். பின்னப் படிகமாக்கல் என்று நாம் பாடத்தில் சொல்வதை உப்பளத் தொழிலாளர்கள் ஏக்கர் கணக்கில் செய்துகொண்டிருக்கிறார்கள். வகுப்பைத் தொடங்கும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. உப்பில் இருக்கும் பிற பொருள்கள் யாரும் கலந்தவை அல்ல, கடலிலிருந்தே வந்தவை என்பது தெளிவாகும்.

சமையல் உப்புக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் சில வரம்புகளைச் சொல்கின்றன. அயோடின் சேர்த்த உப்பில் ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. உலர்ந்த நிலையில் கணக்கிடும்போது சோடியம் குளோரைடு 96 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நீரில் கரையாப் பொருள் 1 சதவீதத்துக்கும், கரையக்கூடிய பிற உப்புகள் 3 சதவீதத்துக்கும் மிகக் கூடாது. இந்த நான்கு எண்களையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவேன். ‘உலர்ந்த நிலையில்’ என்ற சொற்களைப் பற்றி முதல் நாள் எதுவும் விளக்குவதில்லை.

வெள்ளியும் உப்பும்

வெள்ளி நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் சேர்ந்தால் வெண்ணிற வெள்ளி குளோரைடு வீழ்படிவாகும் என்பது நம் மாணவர்கள் அறிந்த வினை. இந்த வினை முதலில் பெயர் பெற்றது உப்பை அளக்க அல்ல, வெள்ளியை அளக்க. 1832இல் பிரெஞ்சு அறிவியலாளர் கே-லூசாக், பாரிஸ் நாணயச் சாலைக்காக, நாணய வெள்ளியின் தூய்மையை உப்புக் கரைசலால் அளக்கும் முறையை வெளியிட்டார். உப்பு அளவுகோலாகவும் வெள்ளி அளக்கப்படும் பொருளாகவும் இருந்தன. நாம் செய்யப்போவது அதன் தலைகீழ்.

கே-லூசாக் முறையில் நிறங்காட்டி கிடையாது. இனி வீழ்படிவு வரவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாகச் சேர்த்து இதை எளிதாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிரிட்ரிக் மோர். பெரஸ் அம்மோனியம் சல்பேட்டை ‘மோர் உப்பு’ என்கிறோமே, அந்த மோர் இவர்தான்.

குளோரைடு இருக்கும்வரை வெள்ளி அயனி அதனோடு சேர்ந்து வெண்ணிறமாகப் படிகிறது. குளோரைடு தீர்ந்ததும் அடுத்து விழும் துளி குரோமேட்டுடன் சேர்ந்து செங்கல் சிவப்பு நிறத்தில் வெள்ளி குரோமேட்டாகிறது. அதுவே முடிவு நிலை.

மேல்நிலை மாணவர்கள் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்பார்கள். வெள்ளி குளோரைடின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 1.8 × 10⁻¹⁰. வெள்ளி குரோமேட்டினுடையது 1.1 × 10⁻¹². பெருக்கம் சிறியதாக இருக்கும் குரோமேட் அல்லவா முதலில் படிய வேண்டும்? இரண்டின் வாய்பாட்டு அமைப்பும் வேறு என்பதே விடை. ஒன்றில் ஒரு வெள்ளி அயனி, மற்றதில் இரண்டு. கரைதிறனைக் கணக்கிட்டால் குளோரைடு லிட்டருக்கு 1.3 × 10⁻⁵ மோல், குரோமேட் 6.5 × 10⁻⁵ மோல். குறைவாகக் கரைவது குளோரைடுதான். ஆகவே அதுவே முதலில் படிகிறது.

தயாரிப்பு

பள்ளித் தராசு பெரும்பாலும் 0.01 கிராம் வரைதான் காட்டும். அதில் கால் கிராம் உப்பை நிறுத்தால் நிறையிலேயே 4 சதவீதப் பிழை வந்துவிடும். எனவே அதிகமாக நிறுத்து, பிறகு நீர்க்க வைக்க வேண்டும்.

1. வெள்ளி நைட்ரேட் கரைசல்: 1.70 கிராமை வாலை வடிநீரில் கரைத்து 500 மி.லி. ஆக்கவும். இது ஏறத்தாழ 0.02 மோலார். பழுப்பு நிறப் புட்டியில் வைக்கவும். இந்த அளவு ஆறு மாதிரிகள் வரை போதும்.

2. ஒப்பீட்டுக் கரைசல்: ஆய்வகத் தூய்மை கொண்ட சோடியம் குளோரைடைச் சூடாக்கி உலர்த்தி, ஆறவிட்டு, 5.85 கிராம் எடுத்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் கரைக்கவும். இதில் 20 மி.லி. எடுத்து 100 மி.லி. குடுவையில் நிரப்பினால் 0.02 மோலார் கரைசல் கிடைக்கும்.

3. மாதிரிக் கரைசல்: சோதிக்க வேண்டிய உப்பிலும் அதே 5.85 கிராம், அதே ஒரு லிட்டர், அதே ஐந்து மடங்கு நீர்ப்பு. கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு மேல்நீரை எடுக்கவும்.

4. நிறங்காட்டி: 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட் கரைசல்.

கல் உப்பாக இருந்தால் ஒரு கைப்பிடியை அப்படியே எடுக்கக் கூடாது. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்து, பொடித்து, கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளை மட்டும் எடுத்து மீண்டும் கலக்கவும். மாதிரி எடுத்தல் தவறினால் பியூரெட் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

குழாய் நீரையோ ஆழ்குழாய் நீரையோ எந்த இடத்திலும் பயன்படுத்த வேண்டாம். கடலோரப் பள்ளிகளில் அந்த நீரிலேயே குளோரைடு நிறைய இருக்கும். கடையில் வாங்கிய வடிநீராக இருந்தாலும் ஒரு சோதனைக் குழாயில் எடுத்து இரண்டு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெண்கலங்கல் தெரிந்தால் அந்த நீர் உதவாது.

செய்முறை

கூம்புக் குடுவையில் 20 மி.லி. உப்புக் கரைசலைப் பிப்பெட்டால் எடுக்கவும். 1 மி.லி. குரோமேட் சேர்க்கவும். மஞ்சள் நிறமாகும். பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தபடி குடுவையை நன்றாகச் சுழற்றவும். வெள்ளி குளோரைடு வீழ்படிவு சிறிது குளோரைடைத் தன் மேற்பரப்பில் பிடித்துவைத்துக்கொள்ளும். நன்கு குலுக்காவிட்டால் முடிவு நிலை முன்கூட்டியே வந்ததுபோல் தெரியும். சிவப்பு தோன்றித் தோன்றி மறையும். மறையாத மெல்லிய செந்நிறம் மஞ்சளோடு கலந்து நின்றால் நிறுத்தவும். அடர் சிவப்பு வரும்வரை போகக் கூடாது.

கரைசல் நடுநிலையாகவோ மிக மெல்லிய காரமாகவோ இருக்க வேண்டும். அமிலமாக இருந்தால் குரோமேட், டைகுரோமேட்டாக மாறிவிடும். காரம் மிகுந்தால் வெள்ளி ஆக்சைடு படியும். லிட்மஸ் தாளால் முதலிலேயே பார்த்துவிடலாம். அமிலத்தன்மை இருந்தால் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போதும்.

இதோடு ஒரு வெற்றுச் சோதனையும் தேவை. 40 மி.லி. வாலை வடிநீரில் 1 மி.லி. குரோமேட்டும் சிறிது கால்சியம் கார்பனேட் தூளும் சேர்த்து, அதே செந்நிறம் வர எத்தனை துளி வெள்ளி நைட்ரேட் தேவை என்று பார்க்கவும். உப்பே இல்லாத போதும் நிறம் வருவதற்கு இவ்வளவு செலவாகிறது என்பதால், இதை எல்லா அளவீடுகளிலிருந்தும் கழிக்க வேண்டும்.

பாதுகாப்பு: வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்புக் கறை பல நாள் போகாது. குரோமேட் நச்சுத்தன்மை உடையது. கையுறையும் கண்ணாடியும் அவசியம். பிப்பெட்டை வாயால் உறிஞ்ச விட வேண்டாம், ரப்பர் குமிழைப் பயன்படுத்தவும். கழிவைத் தொட்டியில் கொட்டாமல் பெயர் எழுதிய தனிப் புட்டியில் சேர்க்கவும்.

கணக்கு

தூய உப்பும் மாதிரியும் ஒரே நிறை, ஒரே நீர்ப்பு என்பதால் கணக்கு மிக எளிது. வெள்ளி நைட்ரேட்டின் சரியான மோலாரிட்டிகூடத் தெரிய வேண்டியதில்லை.

தூய்மைச் சதவீதம் = (மாதிரிக்குச் செலவான கனஅளவு ÷ தூய உப்புக்குச் செலவான கனஅளவு) × 100

ஒரு குழுவின் குறிப்பேட்டிலிருந்து:

வெற்றுச் சோதனை: 0.2 மி.லி.
தூய சோடியம் குளோரைடு: 20.2 – 0.2 = 20.0 மி.லி.
பாக்கெட் தூள் உப்பு: 19.9 – 0.2 = 19.7 மி.லி.; 98.5 சதவீதம்
உப்பளத்துக் கல் உப்பு: 19.0 – 0.2 = 18.8 மி.லி.; 94.0 சதவீதம்

94 என்ற எண்

கரும்பலகை ஓரத்தில் 96 என்று இருக்கிறது. கல் உப்புக்கு வந்தது 94. வகுப்பு உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது: “கல் உப்பு ஃபெயில்.” சிலர் கலப்படம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். அந்த மாதிரியைக் கொண்டு வந்த மாணவியின் தாய் உப்பளத்தில் வேலை செய்பவர். அம்பாரத்திலிருந்து தன் கையாலேயே அள்ளி வந்த உப்பு அது. “எங்க அம்மா வாருற உப்புல யாரு சார் கலப்படம் பண்ணுவா?” என்று அவள் கேட்டாள்.

இதற்கு ஆறுதல் சொல்வது விடையாகாது. அடுத்த சோதனைதான் விடை. “நாம் 5.85 கிராம் நிறுத்தோம். அந்த 5.85 கிராமில் எல்லாமே உப்புதானா? கையில் எடுத்தபோது எப்படி இருந்தது?” என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். “பிசுபிசுன்னு இருந்துச்சு” என்றான் ஒருவன். இரண்டாம் நாளுக்கான வேலை அந்த ஒரு சொல்லில் இருந்தது.

ஈரமும் மண்ணும்

பீங்கான் கிண்ணத்தில் 5.00 கிராம் பொடித்த உப்பை எடுத்து, மூடி, மணல் தட்டின் மேல் மிதமாகச் சூடாக்கவும். கல் உப்புப் படிகங்களுக்குள் சிறிது நீர் அடைபட்டிருக்கும். சூடேறும்போது அவை படபடவென வெடித்துத் தெறிக்கும். மூடி இல்லாவிட்டால் தெறித்துப் போன உப்பும் ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆறவிட்டு நிறுத்து, மீண்டும் சூடாக்கி, நிறை மாறாத நிலை வரும்வரை தொடரவும்.

அன்று கல் உப்பு 5.00 கிராமிலிருந்து 4.80 கிராமாகக் குறைந்தது. அதாவது ஈரம் 4.0 சதவீதம். தூள் உப்பு 4.99 கிராமில் நின்றது, 0.2 சதவீதம். இப்போது ‘உலர்ந்த நிலையில்’ என்ற சொற்களுக்கு வருவோம். 100 கிராம் கல் உப்பில் உலர்ந்த பொருள் 96 கிராம். அதில் சோடியம் குளோரைடு 94 கிராம்.

கல் உப்பு: (94.0 ÷ 96.0) × 100 = 97.9 சதவீதம்
தூள் உப்பு: (98.5 ÷ 99.8) × 100 = 98.7 சதவீதம்

முந்தைய நாள் ‘ஃபெயில்’ ஆன உப்பு வரம்பைத் தாண்டி நிற்கிறது. ஈரமும் அனுமதித்த 6 சதவீதத்துக்குள் இருக்கிறது. பியூரெட் பொய் சொல்லவில்லை. 94 என்பதும் உண்மை, 97.9 என்பதும் உண்மை. முதல் எண், ஈரத்தையும் சேர்த்து நிறுத்த உப்பைப் பற்றியது. இரண்டாம் எண், ஈரம் நீக்கிய உப்பைப் பற்றியது. விதி பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஒரே அடிப்படையில் இல்லாத இரண்டு எண்களை ஒப்பிட்டதால்தான் ‘கலப்படம்’ வந்தது.

கரையாப் பொருளையும் பார்த்தோம். 10 கிராம் கல் உப்பைக் கரைத்து, நிறை தெரிந்த வடிதாளில் வடிகட்டி, உப்புச் சுவை போகும்வரை வாலை வடிநீரால் கழுவி, உலர்த்தி நிறுத்தோம். கழுவியது போதுமா என்பதைச் சுவைத்துப் பார்க்கக் கூடாது; கடைசி வடிநீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் தெரியும். எச்சம் 0.04 கிராம், 0.4 சதவீதம். ஆக 94.0 + 4.0 + 0.4 = 98.4. மீதி 1.6 கிராம் எங்கே? அதுதான் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் சல்பேட்டுகள் போன்றவை என்று மாணவர்களே சொன்னார்கள். கூட்டுத்தொகை 100 ஆக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டாலே பாதிப் பகுப்பாய்வு கற்றாகிவிட்டது.

இன்னொன்றையும் அப்போதே பேசிவிட வேண்டும். 97.9, 98.7 இரண்டுக்கும் வேறுபாடு 0.8. பியூரெட்டின் ஒரு துளி ஏறத்தாழ 0.05 மி.லி. 20 மி.லி.யில் அது 0.25 சதவீதம். தராசின் 0.01 கிராம் பிழை 5.85 கிராமில் 0.17 சதவீதம், 5 கிராமில் 0.2 சதவீதம். பிப்பெட், குடுவை, நிறம் பார்க்கும் கண் என்று மற்றவையும் சேர்ந்தால் நம் ஒவ்வொரு விடையும் அரை சதவீதம் வரை இப்படியோ அப்படியோ இருக்கலாம். எனவே ‘தூள் உப்பு கல் உப்பைவிடத் தூய்மையானது’ என்று இந்த அளவீட்டை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ‘இரண்டும் வரம்புக்குள் இருக்கின்றன’ என்று சொல்லலாம்.

மோர் முறையின் கண்ணுக்குத் தெரியாதவை

மூன்றாம் நாளை ஒரு புதிரோடு தொடங்கலாம். 100 கிராம் உலர்ந்த உப்பில் 99 கிராம் சோடியம் குளோரைடும் 1 கிராம் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதாகக் கொள்வோம். மோர் முறை என்ன சதவீதம் காட்டும்? 99 என்பதே முதலில் வரும் விடை.

வெள்ளி அயனிக்குச் சோடியம் தெரியாது, மெக்னீசியம் தெரியாது. அதற்குத் தெரிந்தது குளோரைடு மட்டும். மெக்னீசியம் குளோரைடின் ஒரு மோலில், அதாவது 95.2 கிராமில், இரண்டு மோல் குளோரைடு உண்டு. ஆகவே அதில் 1 கிராம், 1.23 கிராம் சோடியம் குளோரைடு போலக் கணக்கில் ஏறும். விடை 100.2 சதவீதம்! அசுத்தம் உள்ள உப்பு, நூற்றுக்கு நூறையும் தாண்டிவிட்டது.

அடுத்து, சோடியம் குறைத்த உப்பு என்று கடைகளில் விற்பவை. இவற்றில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. எடுத்துக்காட்டாக 85 கிராம் சோடியம் குளோரைடு, 15 கிராம் பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொண்டால், அந்த 15 கிராம் 11.8 கிராமாக ஏறும். மோர் முறை 96.8 சதவீதம் என்று காட்டும். உண்மையில் சோடியம் குளோரைடு 85 மட்டுமே. சிறுநீரக நோயாளிகள் சிலருக்குப் பொட்டாசியம் கூடினால் ஆபத்து. அவர்கள் உணவில் வந்து சேரும் இந்த வேறுபாட்டை நம் பியூரெட் காட்டவே காட்டாது.

ஆகவே மோர் முறை தரும் எண்ணை ‘மொத்தக் குளோரைடு, சோடியம் குளோரைடாகக் கணக்கிட்டது’ என்று எழுதப் பழக்குகிறேன். வாக்கியம் நீளம்தான், ஆனால் நேர்மையானது. கால்சியம், மெக்னீசியத்தைத் தனியே அறிய வேண்டுமானால், அம்மோனியா தாங்கல் கரைசலில் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியுடன் இ.டி.டி.ஏ. தரம் பார்த்தல் செய்யலாம். நீரின் கடினத்தன்மைக்குச் செய்யும் அதே சோதனைதான். ஒயின் சிவப்பு நீலமாக மாறும்.

தூய்மை வேறு, தகுதி வேறு

97.9 சதவீதம் தூய்மையான அந்தக் கல் உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா? இதற்கும் மோர் முறையில் விடை இல்லை. நேரடியாக உண்ணும் உப்பில் அயோடின் இருக்க வேண்டும் என்பது 2006 மே மாதம் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள விதி. கடையில் அது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் (15 பி.பி.எம்.) குறையக் கூடாது. அயோடின் குறைந்தால் கழுத்துக்கழலை மட்டுமல்ல, கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். இவ்வளவு சிறிய அளவு தூய்மைச் சதவீதத்தில் தெரியவே தெரியாது. 30 பி.பி.எம். என்பது 0.003 சதவீதம்.

இதற்கும் தரம் பார்த்தல் உண்டு. நம் உப்பில் அயோடின் பொட்டாசியம் அயோடேட்டாகச் சேர்க்கப்படுகிறது.

1. 10 கிராம் உப்பை 50 மி.லி. வாலை வடிநீரில் கரைக்கவும்.
2. 2 நார்மல் கந்தக அமிலம் 1 மி.லி., 10 சதவீதப் பொட்டாசியம் அயோடைடு 5 மி.லி. சேர்த்து மூடி, 10 நிமிடம் இருட்டில் வைக்கவும். அயோடேட், அயோடைடுடன் வினைபுரிந்து அயோடின் வெளிவரும். மஞ்சள் நிறம் தெரியும்.
3. 0.005 மோலார் சோடியம் தயோசல்பேட்டால் தரம் பார்க்கவும். லிட்டருக்கு 1.24 கிராம் படிக தயோசல்பேட் போதும், அன்றன்று தயாரிக்கவும்.
4. வெளிர் மஞ்சள் ஆனதும் ஸ்டார்ச் கரைசல் 2 மி.லி. சேர்க்கவும். உப்புப் போடாமல் வடித்த கஞ்சியை நீர்க்க வைத்தும் பயன்படுத்தலாம். நீலம் மறையும் இடமே முடிவு நிலை.

ஒரு அயோடேட் அயனி இறுதியில் ஆறு தயோசல்பேட்டைச் செலவழிக்கிறது. கணக்கிட்டால், செலவான மி.லி. × 10.58 = அயோடின் பி.பி.எம். எங்கள் பாக்கெட் உப்புக்கு 2.1 மி.லி. செலவானது, 22 பி.பி.எம்., கடைக்கான வரம்புக்கு மேல். உப்பளத்திலிருந்து நேரே வந்த கல் உப்பில் மஞ்சளும் வரவில்லை, ஸ்டார்ச் சேர்த்தபின் நீலமும் வரவில்லை. அது குறையல்ல. அம்பாரத்தில் குவித்த உப்புக்கு இன்னும் அயோடின் தெளிக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துச் சென்று சமைத்தால் குழந்தைக்கு அயோடின் கிடைக்காது. உப்பளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. அம்மாணவி தன் குறிப்பேட்டில் இரண்டு வரிகளையும் எழுதினாள்: ‘தூய்மை 97.9. அயோடின் இல்லை.’

இரும்புச்சத்தும் சேர்த்த இரட்டைச் செறிவூட்டிய உப்பை இந்த முறையில் சோதிக்க வேண்டாம். இரும்பு அயனியும் அயோடைடிலிருந்து அயோடினை வெளியேற்றக்கூடும் என்பதால் விடை தவறாகும்.

வகுப்புவாரியாக

தொடக்கநிலை: கல் உப்பைக் கரைத்துத் தெளியவிட்டு அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தல், தெளிநீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்து உப்பை மீட்டல். ‘வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்பு மட்டும்தானா?’ என்ற கேள்வி போதும்.

6 முதல் 8 வரை: வடிகட்டுதல், ஈரம் நீக்கி நிறுத்தல், சதவீதக் கணக்கு. கணித ஆசிரியரோடு சேர்ந்து செய்யலாம்.

9, 10: ஆசிரியர் தயாரித்த கரைசல்களோடு மோர் முறை. வெள்ளி நைட்ரேட் விலை கூடியது என்பதால் ஒரு குழுவுக்கு ஒரு மாதிரி மட்டும்.

மேல்நிலை: கரைதிறன் பெருக்கம், அயோடின் தரம் பார்த்தல், பிழைக் கணக்கு. மூடிய ஜாடியில் வைத்த உப்பு, அடுப்பங்கரையில் திறந்து வைத்த உப்பு இரண்டின் அயோடின் அளவையும் மாதம் ஒருமுறை அளந்து ஒப்பிடுவது நல்ல ஆய்வுத் திட்டமாகும்.

அக்டோபர் 21 உலக அயோடின் குறைபாட்டுத் தடுப்பு நாள். அதையொட்டி மாணவர்கள் வீட்டு உப்பைக் கொண்டுவரச் செய்யலாம். இரண்டு எச்சரிக்கைகள். மாதிரிகளுக்கு எண் மட்டும் கொடுங்கள், யார் வீட்டு உப்பு என்பது வெளியே தெரிய வேண்டாம். எந்த நிறுவனத்தின் உப்பு நல்லது, எது மோசம் என்று பள்ளி ஆய்வக முடிவை வைத்து அறிவிக்கவும் வேண்டாம். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் இருக்கின்றன. ஐயம் எழுந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

முடிவுகளைப் பதிவு செய்யும் தாளில் வழக்கமான அட்டவணைக்குக் கீழே மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தச் சோதனை எதை அளந்தது? எதை அளக்கவில்லை? இதை வைத்து நான் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது? இந்த மூன்றையும் தாமாக நிரப்பத் தெரிந்த மாணவர், நாளை ஒரு இரத்தப் பரிசோதனைச் சீட்டையோ குடிநீர்ச் சோதனை அறிக்கையையோ கையில் வாங்கும்போதும் அதே கேள்விகளைக் கேட்பார்.